இது எந்த அத்தியாயம்?

1

ஊரிலிருந்து வந்த மாதப் பத்திரிகையை நேற்றுப் பிரித்தேன். கடல் தாண்டி வந்து சேர்வதற்குள் மூலையெல்லாம் மடங்கி, அட்டையில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது. அது கிடக்கட்டும். உள்ளே ஒரு பெரியவர் பக்கம் பக்கமாக அழுதிருக்கிறார். இப்போதெல்லாம் யார் ஐயா புத்தகம் படிக்கிறார்கள், கிராமபோன் வந்து பாதியைத் தின்றது, டாக்கி என்கிற பேசும்படம் வந்து மீதியைத் தின்றது, இன்பத்துக்காக நாவல் படிக்கிறவனை இனிமேல் காட்சிசாலையில் கூண்டில்தான் பார்க்க முடியும் என்று ஒரே ஒப்பாரி. இதற்கு அவர் காட்டும் சாட்சி, புத்தகக் கடைகளில் நாவல்கள் தூசி படிந்து கிடக்கின்றன என்பது.

எனக்கு வந்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டேன். துண்டைப் பார்த்ததும் இன்னும் அதிகமாகச் சிரித்தேன்.

உள்ளேயிருந்து என் மகள் செல்லம் எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, தனியா உக்காந்து சிரிக்கிறீங்க?"

"நம்ம ஊர்ல யாருமே புஸ்தகம் படிக்கிறதில்லையாம், அம்மா."

"யார் சொன்னாங்க?"

"புஸ்தகத்துல போட்டிருக்காங்க."

"அப்போ அது யாருக்காக அச்சடிச்சாங்களாம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பெரியவருக்கு அந்தப் பதிலே போதும். ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காது. நான் மலாய் நாட்டில், பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி. கிராணி என்றால் இங்கே கணக்கப்பிள்ளை. பிறந்தது சேலம் ஜில்லா ஜலகண்டாபுரத்தில், தறி வைத்திருந்த வீட்டில். படிப்பவர்கள் இருக்கிறார்களா, செத்தார்களா என்று எனக்குத் தெரியும். போன வருஷம் நடந்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

2

அதற்கு முன் எங்கள் வீட்டுத் தறிக்கூடத்தைச் சொல்லியாக வேண்டும்.

கூடம் முழுக்கக் குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதற்குள் காலை விட்டு மிதித்து நெய்கிற தறிகள் நான்கு. ஒன்றில் அப்பா, ஒன்றில் அண்ணன், மற்ற இரண்டிலும் கூலிக்கு நெய்கிறவர்கள். எனக்கு மட்டும் தறி படியவில்லை. நான் நெய்த முதல் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த அப்பா, "இதுல மீன் புடிக்கலாம்டா சாமி" என்றார். ஆனால் பள்ளிக்கூடத்தில் எனக்கு எழுத்து நன்றாகப் படிந்திருந்தது. அதனால் கூடத்தின் நடுவில் ஒரு பலகையைப் போட்டு என்னை உட்காரவைத்தார்கள். என் வேலை நாவல் படிப்பது. ஊடை நூலை இழுத்துக்கொண்டு நான்கு தறியின் நாடாக்களும் அங்குமிங்கும் ஓடுகிற சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, தொண்டை கிழியப் படிக்க வேண்டும். என் பங்கு நெசவை மற்றவர்கள் சேர்ந்து நெய்துவிடுவார்கள். எங்கள் தெருவில் தறி வைத்த வீடெல்லாம் இப்படித்தான். படிக்கிறவனும் ஒரு தொழிலாளி.

புத்தகம் சேலத்திலிருந்து வரும். தெருவுக்கே ஒரு பிரதிதான். வந்தவுடன் அப்பா செய்கிற முதல் காரியம், கத்தியை எடுத்து அதன் தையலைப் பிரித்துவிடுவது. பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். நாங்கள் படித்து முடித்த பாரம் அடுத்த வீட்டுக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கு. ஒரே பொழுதில் எங்கள் வீட்டில் கதாநாயகிக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருக்கும். தெருக்கோடி வீட்டில் அவள் இன்னும் பிறந்தே இருக்கமாட்டாள். பின்னால் வருவதை முன்னாலேயே சொல்லிவிடுகிறவனோடு தெருவில் ஒருவரும் பேசமாட்டார்கள். ஒரு சம்பந்தமே இதனால் நின்று போயிருக்கிறது, பொய் சொல்லவில்லை.

ஒரு தடவை, தேர்த் திருவிழாவில் குழந்தை தொலைந்துபோகிற இடத்தைப் படித்தேன். கூடத்தில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. தறி மட்டும் நிற்கவில்லை. அந்த வாரம் சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்த ஜவுளிக்காரர் சேலையைப் பிரித்து விரலால் தடவிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார். மிதி தப்பி, இழை அறுந்தது தெரியாமல் நெய்துகொண்டே போனதால் அங்கே ஒரு கீற்று விழுந்திருந்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஜவுளிக்காரர் அந்தக் கீற்றின்மேல் வைத்த விரலை எடுக்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இது எந்த அத்தியாயம்?"

நான் சொன்னேன். "அதானே பாத்தேன்" என்று சேலையை மடித்து எடுத்துக்கொண்டார். அவரும் படித்திருந்தார். அன்று முதல் எங்கள் கூடத்தில் அப்பாவின் சட்டம் இதுதான்: "சண்டை வந்தாப் படி. குதிரை ஓடினாப் படி. அழுவாச்சி வந்தா மூடி வெய்யி, தறி ஓடாத நோம்பி நாள்ல பாத்துக்கலாம்." அந்தச் சட்டம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. அழுகை வரப்போகிறது என்று தெரிந்து நான் பாரத்தை மூடினால், முதலில் சத்தம் போடுகிறவர் அப்பாதான்.

அப்பா காலமான பிறகு அண்ணன் தறிகளைப் பார்த்துக்கொள்கிறார். தறியும் ஓடுகிறது, படிப்பும் ஓடுகிறது.

3

இங்கே தோட்டத்தில் இருட்டு விலகுவதற்கு முன்பே பெரட்டு. ஆட்கள் வரிசையாக நிற்க, நான் பேர் படித்துக் குறிப்பேன். பிறகு அவர்கள் பால் மரம் வெட்டப் போவார்கள், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் இறக்க. மத்தியானம் பாலை எடை போட்டு முடித்தால் பொழுது சாய்ந்ததும் எல்லோரும் ஆயாக் கொட்டகையில் கூடுவோம். பகலில் தொட்டில் கட்டிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற கூடம் அது. சாயங்காலத்தில் தொட்டில் துணிகளை மேலே சுருட்டிக் கட்டிவிட்டு, விளக்கை மாட்டி, நான் படிக்க உட்காருவேன். பெரட்டில் முனகிக்கொண்டே வருகிறவர்கள் இதற்கு மட்டும் ஓடி வருவார்கள்.

என் பக்கத்தில், விளக்குக்கு நேராக, ஒருவரையும் விடாமல் இடம் பிடித்து உட்காருகிறவள் பாவாயி. ஜலகண்டாபுரத்துக்கு அடுத்த ஊர்க்காரி. கல்யாணமான புதிதில் புருஷனோடு கப்பலேறியவள். பால் மரம் வெட்டுவதில் கெட்டிக்காரி. குரல் இருக்கிறதே, மலையடியில் நின்று கூப்பிட்டால் ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் கோழி பறக்கும். எழுத்துத் தெரியாது. ஆனால் நான் படிக்கும்போது கண்ணைப் புத்தகத்தைவிட்டு எடுக்கமாட்டாள்.

காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. நிலா, தென்றல், சோலை என்று ஆசிரியர் வர்ணிக்கத் தொடங்கினால் நான் மெல்லத் தாண்டிவிடுவேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

"ஏனுங்க கிராணி ஐயா," என்றாள் ஒரு நாள், "அந்தப் பக்கத்துல அத்தன எழுத்து கெடக்குது. நீங்க ரெண்டே மூச்சுல திருப்பிப்புட்டீங்க?"

"அது சும்மா நிலா வர்ணனை, பாவாயி."

"நெலாவுன்னா என்னுங்க? அதும் காசு குடுத்து வாங்குனதுதானே? பக்கத்த முழுங்காதீங்க."

கொட்டகையே சிரித்தது. அன்றிலிருந்து நிலாவையும் படித்தேன்.

போன வருஷம் படித்த நாவலில் கதாநாயகி பெயர் சௌந்தரம். சொத்துக்காக அவளைச் சின்ன வயதிலேயே மாமன்காரன் ஒரு மலை பங்களாவில் அடைத்துவிட்டு, மகள் செத்துவிட்டாள் என்று தாயிடம் சொல்லிவிடுகிறான். தாய் அழுது அழுதே கண் பார்வையை இழக்கிறாள். வளர்ந்த சௌந்தரம் ஜன்னல் வழியே தப்பிக் கிணற்றடிக்கு வருகிறாள். இருட்டிலிருந்து ஒரு கை அவள் தோளைப் பிடிக்கிறது. முதற் பாகம் முற்றிற்று!

அந்தக் கை யாருடையது என்பதில் தோட்டம் இரண்டு கட்சியானது. மாமன் கை என்று ஒரு கட்சி, காதலன் கை என்று மறு கட்சி. தவறணை என்கிற கள்ளுக்கடையில்கூட இதே பேச்சு. பாவாயி மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

"கை கெடக்குதுங்க. அவுங்க ஆத்தா அவள அடையாளங் கண்டுக்குவாளா? அதச் சொல்லுங்க."

அண்ணனுக்கு எழுதினேன். இரண்டாம் பாகத்தைத் தபாலில் அனுப்பிவிட்டதாகப் பதில் வந்தது. அதே சமயத்தில் தோட்டத்திலும் ஒரு செய்தி வந்தது. பாவாயியும் புருஷன் செங்கோடனும் தோட்டத்தை விட்டு ஊருக்கே போகிறார்கள், கப்பல் நாள் குறித்தாயிற்று.

4

பார்சல் வரவில்லை. பட்டணத்து ஆபீசில் மாட்டிக்கொண்டது.

ஊரில் சத்தியாக்கிரகம் நடக்கிற காலம். தமிழில் அச்சான எதைக் கண்டாலும் இங்கே துரைமாருக்குச் சந்தேகம். துரைக்குத் தமிழ் தெரியாது. ஆகவே தமிழ் தெரிந்த ஒரு கிளார்க்கிடம் கொடுத்து, முழுக்கப் படித்து, ராஜத்துரோகம் இல்லை என்று எழுதித் தரச் சொல்வார்கள். அந்தக் கிளார்க்கின் பெயர் கனகசபை. யாழ்ப்பாணத்துக்காரர், தங்கக் கரை போட்ட மூக்குக் கண்ணாடி, பேச்சில் ஒரே கண்டிப்பு.

"இன்னும் பரிசோதனை முடியேல்லை. அரசாங்க விஷயம். அவசரப்படக் கூடாது" என்றார்.

"எங்க ஆளு ஒருத்தர் கப்பல் ஏறணுங்க, ஐயா. அதுக்குள்ள..."

"கப்பலுக்கும் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம்?"

எப்படிச் சொல்வேன்? அவர் இருபுறமும் பார்த்தார். துரையின் அறைக்கதவு சாத்தியிருந்தது. மேஜையின்மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். இந்தச் சௌந்தரம் ஏன் அந்தக் கிணத்தடிக்குப் போனவள்? முதல் பாகத்திலை ஏதும் சொல்லிக் கிடக்கோ?"

அப்போதுதான் எனக்கு வெளிச்சமாயிற்று. மனுஷன் பரிசோதிக்கவில்லை, ரசித்துப் படித்துக்கொண்டிருக்கிறார்! பாதியில் நுழைந்த கதை, தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, விடவும் மனமில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு தரம் படிக்கிறாராம்.

"முதல் பாகம் எங்கிட்ட இருக்குங்க" என்றேன்.

"உம்மட்டைக் கிடக்கோ!" என்று எழுந்தே விட்டார். உடனே உட்கார்ந்துகொண்டார். "பரிசோதனைக்கு அதுவும் தேவைப்படும். அந்தக் கை இருக்கல்லோ, அது..."

"சொல்லிராதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் துரையின் கதவு திறந்தது. கனகசபை எனக்கு ஏதோ விண்ணப்பம் நிரப்பக் கற்றுக்கொடுப்பதுபோல் ஒரு வெற்றுத் தாளை நீட்டினார்.

மறுநாளே முதல் பாகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கப்பல் நாள் காலையில் இரண்டாம் பாகத்தைத் தந்துவிடுவதாகச் சத்தியம் செய்தார்.

5

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பாவாயியும் செங்கோடனும் மூட்டை முடிச்சோடு ஸ்டேஷனில் நிற்க, நான் ஆபீசுக்கு ஓடினேன். புத்தகத்தின் முதல் பக்கத்தில், ஆட்சேபணை இல்லை என்று முத்திரை குத்தியிருந்தது. கனகசபையின் கண் சிவந்திருந்தது. "தூசி" என்றார். "ராஜத்துரோகம் எதுவும் இல்லை எண்டு துரைக்கு எழுதிப்போட்டன். ஆனா அந்த மாமன்காரனைத் தூக்கிலை போட வேணும்."

"முதல் பாகம்?"

"அது வீட்டிலை மனுசி படிச்சுக்கொண்டிருக்கிறா" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

ரயில் வந்துவிட்டது. வழியனுப்ப வந்த நான் வண்டியிலேயே ஏறிவிட்டேன். பினாங்குத் துறைமுகம் வரை போவது, போகிற வழியில் படித்து முடித்துவிடுவது. யாருக்கும் இரவல் கொடுக்காமல் தோட்டத்து ஜனங்களுக்குப் புத்தகத்தை முழுசாகத் திருப்பிக் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எங்கள் வழக்கப்படி தையலைப் பிரித்தேன். படிக்கத் தொடங்கினேன்.

மூன்றாம் வகுப்பு வண்டி. முதலில் பாவாயி மட்டும் கேட்டாள். பிறகு எதிர்ப் பலகை கேட்டது. பிறகு வண்டியே கேட்டது. நடுவில் ஏறியவர்கள், "யாருங்க இந்தச் சௌந்தரம்? என்ன ஆச்சு அவளுக்கு?" என்று கவலைப்பட்டார்கள். படித்து முடித்த பாரத்தை ஒருவர் வாங்கிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போய், தாமதமாக ஏறியவர்களுக்குப் படிக்க ஆரம்பித்தார். முன்பக்கம் சௌந்தரம் தப்பித்துக் காட்டில் ஓடுகிறாள், பின்பக்கம் இன்னும் கிணற்றடியில் நிற்கிறாள். எங்கள் தெருவேதான்! அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்னொரு தரம் பார்த்ததில்லை. டிக்கெட் பரிசோதகர்கூட, ஒரு சொல் தமிழ் தெரியாதவர், என்ன நடக்கிறது என்று கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

ரயில் கடைசி ஸ்டேஷனை நெருங்க நெருங்க எனக்குப் பதற்றம். நைசாக ஒரு நிலாவைத் தாண்டினேன்.

"ஏனுங்க!" என்றாள் பாவாயி. "கப்பல் போனாப் போகட்டும். பக்கத்த முழுங்காதீங்க."

"கப்பல் போனாப் போகட்டுமா?" என்று பெட்டிமேல் உட்கார்ந்திருந்த செங்கோடன் குதித்தான். "ஏ புள்ள, உனக்குப் புத்தி கித்தி இருக்குதா? சொந்த ஊட்டுக்குப் போறமா, சௌந்தரம் ஊட்டுக்குப் போறமா?"

நிலாவையும் படித்தேன். அதனால் கதை முடியவில்லை. ரயிலிறங்கிப் படகில் பினாங்குத் தீவுக்குப் போகும்போதும் படித்தேன். துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதியபோது கடைசிப் பாரங்கள் என் கையில் அப்படியே இருந்தன. கண் தெரியாத தாய் இருக்கிற ஊர் எல்லைக்குச் சௌந்தரம் வந்து நிற்கிறாள். அதற்கு மேல் படிக்க நேரமில்லை.

பாவாயி நகரவில்லை. செங்கோடன் கையைப் பிடித்து இழுத்தும் நகரவில்லை.

"எங்காத்தாளுக்கும் கண்ணுல பூ உழுந்திருச்சுங்களாமா" என்றாள். அவள் குரல் இவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை. "ஆள் வந்து சொன்னாங்க. நான் கப்பலேறையில கன்னமெல்லாம் உப்பி, சின்னப் புள்ளையா இருந்தேன். இப்பக் கையத் தொட்டா மரப்பட்ட மாதிரி இருக்குது. கண்ணுந் தெரியாம, தொட்டும் தெரியாம, எங்காத்தா என்ன யாருன்னு கேட்டுப்புட்டா? இந்தக் கதையில அந்தம்மா மகளக் கண்டுக்கிட்டான்னா எனக்கு ஒரு தெம்புங்க. அது தெரியாம நான் ஊட்டுப் படி ஏற மாட்டேன்."

"கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பாத்துச் சொல்லிரட்டுமா?"

"அய்யய்யோ!" என்று காதைப் பொத்திக்கொண்டாள். "அது பாவமுங்க!"

வேறு என்ன செய்வது? கடைசிப் பாரங்களை அவள் கையில் கொடுத்தேன். "ஜலகண்டாபுரத்துல எங்கண்ணன் தறிக்கூடத்துக்குப் போ. என் பேரச் சொல்லு, படிச்சுக் காட்டுவார்" என்றேன். மடியில் கட்டிக்கொண்டு கப்பலேறினாள். மேலே நின்றுகொண்டு, "வாரேனுங்க!" என்று அவள் கத்தியதில் துறைமுகமே திரும்பிப் பார்த்தது.

6

முடிவில்லாத நாவலோடு நான் தோட்டத்துக்குத் திரும்பினேன். என்னைக் கொல்லாமல் விட்டதே பெரிது.

காலையில் பெரட்டில் பேர் படித்தால், "ஆஜர்" என்று சொல்லவேண்டியவர்கள், "முடிவு எங்கீங்க?" என்றார்கள். ஆளுக்கொரு முடிவு கட்டினார்கள். மாமன்காரனை ஒருவர் புலியிடம் கொடுத்தார், இன்னொருவர் ரயிலில் தள்ளினார். என்ன கட்டினாலும் ஒருவருக்கும் திருப்தி இல்லை. அச்சில் இருப்பது தெரிந்தாக வேண்டும். மாதங்கள் போயின, அந்த ஆத்திரம் மட்டும் போகவில்லை.

என் வீட்டில் இன்னொரு கூத்து. செல்லம் பட்டணத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். தமிழில் பேசினால் நடுவில் மலாய் வந்து உட்கார்ந்துகொள்ளும். சந்தை அவளுக்குப் பசார், தெரு அவளுக்கு ஜாலான். ஆயாக் கொட்டகைப் பக்கம் வரமாட்டாள். கொசுவலைக்குள் நுழைந்துகொண்டு தடித்தடியாக இங்கிலீஷ் நாவல் படிப்பாள். இந்தப் பெண் நம்மை விட்டு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறதே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு வருத்தம். சோற்றுக்குக் கூப்பிட்டால் வரமாட்டாள். "இன்னும் ஒரே பக்கம்ப்பா" என்பாள். எனக்குக் கோபமும் வரும், அப்பாவின் தறிக்கூடமும் ஞாபகம் வரும். நானும் இதே வார்த்தையைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்?

நடந்ததைக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "நீங்க கடைசிப் பக்கத்தை முதல்லயே படிச்சிருக்கணும்ப்பா. நான் எப்பவும் அப்படித்தான்."

பாவாயி செய்த மாதிரி நானும் காதைப் பொத்திக்கொண்டேன்.

7

ஒரு நாள் மத்தியானம், ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களில் ஒருவன் என்னைத் தேடிக்கொண்டு பால் நிறுக்கிற இடத்துக்கே வந்துவிட்டான். பெயர் நல்லமுத்து. அண்ணனின் தறிக்கூடத்தில் நெய்துகொண்டிருந்தவன். நூல் விலை ஏறிப்போய், கொஞ்ச காலம் இங்கே பார்க்கலாம் என்று வந்திருக்கிறான்.

"பாவாயிக்கா குடுத்தனுப்புனாங்க" என்று ஒரு துணி மூட்டையை நீட்டினான்.

பிரித்தால் கடைசிப் பாரங்கள்! வெள்ளைத் தாள் என்று சொல்ல முடியாது. மஞ்சள் விரல் பட்ட இடம், எண்ணெய் விரல் பட்ட இடம், ஓரமெல்லாம் பஞ்சுபோல் பிய்ந்து, மடித்த இடத்தில் யாரோ கஞ்சிப்பசை தடவி ஒட்டியிருந்தார்கள். எத்தனை வீடு சுற்றியதோ!

செய்தி லயம் முழுக்கப் பரவிவிட்டது. அன்று சாயங்காலம் ஆயாக் கொட்டகையில் நிற்க இடமில்லை. நல்லமுத்துவைப் பார்த்து எல்லோரும் ஒரே குரலில், "முடிவ மட்டும் சொல்லிராத சாமி" என்றார்கள். வேடிக்கை பார்க்கச் செல்லம்கூட வந்திருந்தாள். பாரங்களைச் சுற்றி வந்த துணியை அவள்தான் எடுத்து விரித்தாள். நல்ல துண்டு, எங்கள் கூடத்து நெசவு. கரைக்குப் பக்கத்தில் அவள் கை நின்றது. அங்கே மிதி தப்பி, இழை விட்டுப்போய், விரலகலத்துக்கு ஒரு கீற்று.

சின்ன வயதில் அவளைத் தூங்கவைக்க நான் தறிக்கூடத்துக் கதைகள் சொல்வதுண்டு. எதுவும் அவளுக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைக்கவில்லை. அந்தக் கீற்றில் விரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, இது எந்த அத்தியாயம்?"

நான் பதில் சொல்வதற்குள் நல்லமுத்து முந்திக்கொண்டான். "அது என் தறிதான், சாமி. நீங்க படிச்சு முடிங்க. அப்புறமாச் சொல்றேன்."

படித்தேன். நிலாவை விடவில்லை, தென்றலை விடவில்லை. ஊர் எல்லையில் நின்ற சௌந்தரம் தாயின் வீட்டுக்குள் போகிறாள். தாய் அவள் முகத்தைத் தடவுகிறாள். நெற்றியில், குழந்தையாக இருந்தபோது விழுந்த தழும்பில் விரல் நிற்கிறது. "என் கண்ணே!" என்கிறாள். கொட்டகை முழுக்க ஒரு பெருமூச்சு. பாரத்தை இறக்கிவிட்டு நல்லமுத்துவைப் பார்த்தேன்.

"இங்கதானே இழை விட்டது?"

"இல்லீங்க" என்றான்.

"பின்னே எந்த இடம்?"

"அது புஸ்தகத்துல வராதுங்க" என்று சொல்லத் தொடங்கினான்.

பாவாயி சேலத்தில் ரயிலிறங்கி, சொந்த ஊருக்குப் போகாமல், நேராக அண்ணனின் தறிக்கூடத்துக்குத்தான் போயிருக்கிறாள். பெட்டியெல்லாம் வாசலில். செங்கோடன் கால்மணி நேரம் திட்டிப் பார்த்தான். கேட்டு முடிக்காமல் இவள் எழுந்திருக்கப் போவதில்லை என்று தெரிந்ததும், ஒரு வண்டியைப் பிடித்துக்கொண்டு கோபமாகப் போய்விட்டான். உள்ளே அண்ணன் படிக்க, நான்கு தறியும் ஓட, பாவாயி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனும் என் ரத்தம்தானே, நிலா வந்ததும் தாண்டியிருக்கிறார்.

"அவ்வளவுதானுங்க," என்றான் நல்லமுத்து. "'ஏனுங்க, தம்பிக்குத் தப்பாத அண்ணனா இருக்கீங்களே, பக்கத்த முழுங்காதீங்க'ன்னு அக்கா போட்ட சத்தத்துல தெருவே அதிர்ந்து போச்சு. அப்பப் பாத்து வாசல்ல இருந்து ஒரு குரல்: 'அது எம் பாவாயி தொண்டையில்ல?'"

கொட்டகையே நல்லமுத்துவின் பக்கம் சாய்ந்தது.

"செங்கோடண்ணன் போயி மாமியாளையே வண்டியில ஏத்திக் கூட்டியாந்துட்டாருங்க. யார் வந்திருக்காங்கன்னு அந்தம்மாகிட்டச் சொல்லவே இல்லையாமா. கண்ணுந் தெரியல, தொட்டும் பாக்கல. கைய நீட்டிக்கிட்டு, 'எம் பாவாயி, எம் பாவாயி'ன்னு தறிக்கு நடுவுல வாராங்க. மூணு தறி நின்னு போச்சுங்க. எங் கால் மட்டும் நிக்கல. கண்ணு அங்க, காலு இங்க. துண்டப் பாத்துட்டுச் செவ்வாய்ப்பேட்டைக்காரரும் இதையேதான் கேட்டாரு. உங்கண்ணன், 'இது அச்சுல வராத அத்தியாயமுங்க, விக்கறதுக்கில்ல'ன்னு எடுத்து வெச்சுக்கிட்டாரு. அக்கா பாரங்களைக் குடுத்தனுப்பையில அதுலயே சுத்திக் குடுத்தாரு."

"அப்புறம்?" என்றாள் செல்லம். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்புறமென்ன? ஆத்தாளும் மகளும் அழுது ஓஞ்சு, பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கிட்டு, உட்ட எடத்துல இருந்து படிக்கச் சொன்னாங்க. நெலாவோடதான்."

கொட்டகை சிரித்த சிரிப்பில் மேலே சுருட்டிக் கட்டியிருந்த தொட்டில் துணிகள் ஆடின.

8

அந்தக் கை யாருடையது என்று கேட்பீர்கள். சொல்லமாட்டேன், அது பாவம்.

வீட்டுக்குத் திரும்பி வரும் வழியில் செல்லம், "முதல் பாகம் எங்கேப்பா?" என்றாள். கனகசபையிடம் இருக்கிறது என்றேன். அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவளே அந்த ஆபீசுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். அவருடைய மனைவி முடித்துவிட்டாராம், மனைவியின் தங்கை படித்துக்கொண்டிருக்கிறாராம், அதன்பிறகு அண்டை வீட்டில் சொல்லிவைத்திருக்கிறார்களாம். செல்லம் தன் முறைக்குக் காத்திருக்கிறாள். அதுவரைக்கும் கொசுவலைக்குள் இங்கிலீஷ் நாவல் ஓடுகிறது. ஓடட்டும், இப்போதெல்லாம் சோறு ஆறினாலும் நான் கூப்பிடுவதில்லை.

ஒரு பிரதி, ஐயா. நாங்கள் வாங்கியது ஒரே ஒரு பிரதி. அதை ஒரு தோட்டம் கேட்டது, ஒரு சர்க்கார் ஆபீஸ் படித்தது, ஒரு ரயில் வண்டி கேட்டது, கடல் தாண்டிப் போய் ஒரு தறித்தெரு கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பியது. கடைக்காரரின் கணக்கில் அது ஒன்றுதான். கடையில் மீந்த பிரதிகளின் தூசியைப் பார்த்துப் பெரியவர் அழுகிறார்.

அவருக்கு இந்தத் துண்டை அனுப்பலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மாட்டேன், இது என் தோளிலேயே கிடக்கட்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். நம் ஜனங்கள் படிக்கிறார்களா என்று பார்க்கப் புறப்படுகிறவர்கள் புத்தகக் கடைக்குப் போகாதீர்கள். செவ்வாய்ப்பேட்டையில் ஏதாவது ஒரு ஜவுளிக் கடைக்குப் போய், துணியைப் பிரித்து, விரலால் தடவிப் பாருங்கள்.